குழந்தையின் உதட்டில் நீலம்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைகாலம். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருந்த ஒரு தீப்பெட்டி ஆபீசில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். தொழிற்சாலை என்று சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பெயர்.

பெண்கள் அதிகமாக வேலை செய்கிற இடத்தில் அவர்களுடைய கைக்குழந்தைகளுக்கு ஓர் அறை இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. முதலாளி ஒரு பழைய சாமான் அறையைக் காலி செய்து, உத்தரத்தில் வரிசையாகக் கொக்கி அடித்து, சேலைத் தொட்டில்கள் கட்டிவிட்டார். எல்லோரும் அதைத் தொட்டில் ரூம் என்பார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நர்ஸ் வேலைக்குப் படிக்க ஆசைப்பட்டு, அதற்குள் கல்யாணம் முடிந்து, அச்சாபீசில் வேலை பார்க்கிற கணவரோடு சிவகாசிக்கு வந்து சேர்ந்திருந்தேன். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. வாத்தியார் மகள், சுத்தபத்தமாக இருப்பாள் என்று யாரோ சொல்லி என்னை வேலைக்கு எடுத்தார்கள். தாய்மார்கள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். நான் யாருக்கும் எதையும் கற்றுக் கொடுத்ததில்லை. ஆனாலும் அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த ரூமை நான் எப்படி வைத்திருந்தேன் என்பதை இப்போதும் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை தரையைத் துடைப்பேன். தொட்டில் சேலைகளை வாரம் ஒருமுறை அவித்து வெளுப்பேன். ஓர் ஈ உள்ளே வந்தால் விசிறியோடு அதன் பின்னாலேயே அலைவேன். ஆபீசை மேய்க்கிற கணக்குப்பிள்ளை, வெளியூரிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்களை அழைத்து வந்து என் ரூமைக் காட்டிவிட்டுப் போவார்.

ஆபீசில் இரண்டு கொட்டகைகளில் பெண்கள் வேலை பார்த்தார்கள். ஒன்றில் குச்சி அடுக்குவார்கள். பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பதித்து, மருந்து முக்க அனுப்பும் வேலை. இன்னொன்றில் பெட்டி ஒட்டுவார்கள். மெல்லிய மரச்சீவலை மடித்து, மேலே நீலத்தாள் சுற்றிப் பசை போட்டு ஒட்டுகிற வேலை. அந்தத் தாளின் சாயம் ஈரம் பட்டால் கையோடு வந்துவிடும். பெட்டி ஒட்டுகிற பெண்களின் விரல்களை வைத்தே அவர்களை அடையாளம் சொல்லிவிடலாம்.

தாய்மார்கள் விடியும்போது பிள்ளைகளைக் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் ஒருமுறை வந்து பால் கொடுப்பார்கள். சிலர் இடையில் ஒருமுறை ஓடி வந்து கொடுத்துவிட்டு ஓடுவார்கள். மற்ற நேரமெல்லாம் நான்தான் மூக்கும் பிடியும் வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் சீனித்தண்ணீரோ, காய்ச்சிய பசும்பாலோ புகட்டுவேன். ஒரே பாலாடை. ஆனால் ஒரு பிள்ளைக்குப் புகட்டிய பிறகு அதை அலசாமல் அடுத்த பிள்ளையின் வாயில் வைக்கவே மாட்டேன். அதில் நான் கண்டிப்பு.

தண்ணீர்தான் பெரும்பாடு. மாட்டு வண்டியில் டிரம் வைத்துக் கொண்டு வருவார்கள். ரூமுக்கு ஒரு பானை குடிதண்ணீரும், புழங்குவதற்கு ஒரு வாளித் தண்ணீரும் உண்டு. காலையில் நிரப்பினால் சாயங்காலம் வரை அதை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும்.

அந்தக் கோடையில் பிள்ளைகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஒரு பிள்ளை தேறி வருவதற்குள் இன்னொரு பிள்ளை படுத்துவிடும். கோடையில் அது புதிதல்ல என்பதால் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் முளைக்கிறது என்றார்கள், மாந்தம் என்றார்கள், கண்ணு பட்டிருக்கும் என்றார்கள். நானும் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவிக்கொண்டிருந்தேன்.

குச்சி அடுக்குகிற பெண்களில் ஒருத்திக்கு இருபது வயதுகூட இருக்காது. எம். புதுப்பட்டியிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதிகம் பேசமாட்டாள். அவளுடைய முதல் பிள்ளை, ஆறு மாதப் பையன். பாலாடையின் மூக்கு உதட்டில் பட்டதுமே சிரித்துவிடுவான். பாதிப் பால் கழுத்து வழியாக ஓடும். அவனுக்குப் புகட்டுவதற்கு மட்டும் எனக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். எனக்கும் அது பிடித்துதான் இருந்தது.

ஒரு நாள் அவளும் வரவில்லை, பையனும் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், அவனைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஓடினேன். நான் போனபோது பையன் அழக்கூட இல்லை. உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும் என்று பயந்து இரண்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்தார்களாம். நான் பக்கத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அங்கிருந்த நர்ஸ் ஒருவர் ஊசியைத் தயார் செய்துகொண்டே, வயிற்றால் போகப் போகத்தான் தண்ணீரைக் கொடுக்க வேண்டும், கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டாவது கொடுத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் குரலில் களைப்புதான் இருந்தது. சாயங்காலத்துக்குள் பையன் போய்விட்டான்.

துக்கம் கேட்கப் போன வீட்டில் அவளுடைய மாமியார் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். தகரக் கொட்டகைச் சூட்டில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, அந்தச் சூட்டுப் பாலை அப்படியே பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாள்; அந்தப் பால்தான் பிள்ளையைக் கொன்றுவிட்டது என்று. அவள் சுவரோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் என்னையும் பார்த்து, "நீங்க படிச்சவுக, சொல்லுங்க டீச்சர்" என்றார். நான் இருக்கலாம் என்று தலையாட்டினேன். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தலையை மட்டும்தான் ஆட்டினேன். அது எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நகராட்சியிலிருந்து ஒரு நர்சம்மா தொட்டில் ரூமைப் பார்க்க வந்தார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றிப் பேசினார். குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. தெருவில் சாக்கடையோரம் பிள்ளைகளை உட்கார வைக்கிறவர்களிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் வந்து சொல்கிறாரே என்று நினைத்தேன். இருந்தாலும், சொல்லிவிட்டாரே என்று குடிதண்ணீரை மட்டும் கொதிக்க வைத்தேன். கழிவு மரக்குச்சிகளை அள்ளி வந்து அடுப்பெரித்தேன். இரண்டு வாரம், கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர எந்தப் பிள்ளைக்கும் வேறு தண்ணீர் கொடுக்கவில்லை. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பார்த்தீர்களா, தண்ணீரிலும் ஒன்றும் இல்லை, என் ரூமிலும் ஒன்றும் இல்லை என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னேன். குரலில் ஒரு வெற்றிகூட இருந்திருக்கும்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து ஒரு பிற்பகல். எல்லாப் பிள்ளைகளுக்கும் புகட்டி முடித்துவிட்டுத் தொட்டில்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஜன்னலோரத் தொட்டிலில் ஒரு பெண் குழந்தை. எட்டு மாதம். கண் மூடிக் கிடந்தது. அதன் உதடுகள் நீலமாக இருந்தன.

உயிர் போகும்போது உதடு நீலம் பாரிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தப் பையன் முகம் கண் முன்னால் வந்துவிட்டது. குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். நான் தூக்கிய வேகத்தில் குழந்தை திடுக்கிட்டு விழித்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. நல்ல அழுகை. சாகிற பிள்ளை இப்படி அழாது. நின்று, வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன். சேலை முந்தியால் உதட்டைத் துடைத்தேன். நீலம் முந்தியில் ஒட்டிக்கொண்டு வந்தது. குழந்தையின் உதடு பழையபடி சிவப்பாக இருந்தது.

மூச்சு வந்தது. சிரித்தேன்கூட. பெட்டித் தாளின் சாயம், அவ்வளவுதானே என்று குழந்தையை மறுபடி தொட்டிலில் போடப் போனேன். அப்போதுதான் அது தோன்றியது. இந்தக் குழந்தையின் தாய் குச்சி அடுக்குகிறவள். அவள் கையில் நீலம் கிடையாது. மத்தியானத்துக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வரவும் இல்லை. பிறகு இந்த நீலம் எங்கிருந்து வந்தது?

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ரூமைச் சுற்றிப் பார்த்தேன். பாலாடையை எடுத்துத் திருப்பினேன். அதன் மூக்கின் உள்பக்கம் ஒரு துணுக்குப் பசை, நீலமாக ஒட்டியிருந்தது. என் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் நீலம். வாசலோரம் இருந்த வாளியிடம் போனேன். விளிம்பில் நீலம் படிந்திருந்தது. பெட்டி ஒட்டுகிற ஒருத்தி கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பால் கொடுக்க ஓடி வந்திருந்தாள். சாயக் கையோடு பிள்ளையைத் தொடக்கூடாது என்று வாளிக்குள் கையை விட்டு நன்றாக அலசிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினாள். நானே பார்த்தேன். நல்ல பெண் என்று நினைத்தேன். அதே வாளியில்தான் நான் பாலாடையை அலசினேன்.

சாயம் குழந்தையை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அது வந்த வழி எனக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து வெளிக்குப் போன எத்தனை பிள்ளைகளுக்கு நான் கால் கழுவிவிட்டேன்? ஒவ்வொரு தடவையும் கையை எங்கே அலசினேன்? அந்த வாளியில்தான். வயிற்றால் போகிற பிள்ளையின் துணியை எடுத்துப் போட்டுவிட்டு அதே வாளியில்தான். பிறகு அதில் பாலாடையை அலசி, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை அதில் ஊற்றி, அடுத்த பிள்ளையின் வாயில் வைத்தேன். நீலத்துக்கு நிறம் இருந்ததால் கண்ணில் பட்டது. மற்றதற்கு நிறம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

குழந்தையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது அழுகையை நிறுத்திவிட்டு என் தாலிச் சரட்டைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

உடனே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் சொல்லவில்லை. அந்த வாளியைக் கொண்டுபோய்க் கொட்டிக் கவிழ்த்தேன். மறுநாளிலிருந்து கையை வாளிக்குள் விடாமல், செம்பில் மொண்டு வெளியே ஊற்றிச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பாலாடையை ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் போட்டு எடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு வாரம் போனது. புதிதாக ஒரு பிள்ளைக்கும் வயிற்றால் போகவில்லை. சந்தோஷப்பட வேண்டிய வாரம் அது. ஆனால் இத்தனை நாளும் காரணம் என் கைதான் என்பதை அது உறுதியாக்கிவிட்டது.

பையனைப் பறிகொடுத்தவள் மறுபடி வேலைக்கு வர ஆரம்பித்திருந்தாள். தொட்டில் ரூம் பக்கம் மட்டும் வரமாட்டாள். ஒரு நாள் கொட்டகையில் குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது என்று என் பானையில் மொள்ள வந்தாள். அப்போது மூன்று மாதப் பிள்ளை ஒன்று பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. அதன் தாய்க்குக் காய்ச்சல், காலையிலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிள்ளையை எடுத்துப்போக ஆள் வரவேண்டும். பாலாடையைத் தொட மறுத்து அது கத்தியது. கத்தல் கேட்டதும் இவளுடைய ரவிக்கை நனைந்துவிட்டதை நான் பார்த்தேன். அவளும் பார்த்து, சேலையை இழுத்து மூடினாள்.

கொஞ்சம் கொடுத்துப் பாரேன் என்று பிள்ளையை நீட்டினேன். அவள் இரண்டு எட்டுப் பின்னால் போய்விட்டாள்.

"வேணாம் டீச்சர். எம் பாலு ஆகாது. ஒண்ணு போனது போதும்" என்றாள்.

அழுதுகொண்டு சொல்லவில்லை. அடுப்பு சுடும் என்று சொல்வது போல, தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள். அவளே அதை நம்பிவிட்டாள். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"உன் பாலுல ஒண்ணும் இல்லம்மா. எங் கையிலதான் இருந்துச்சு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வாளியைச் சொன்னேன், பாலாடையைச் சொன்னேன், நீல உதட்டைச் சொன்னேன். உன் வீட்டில் நான் தலையாட்டினேனே, அது தப்பு என்றும் சொன்னேன். பிள்ளை என் தோளில் கத்திக்கொண்டே இருந்தது. அவள் குடத்தைக் கீழே வைத்தாள். காட்டுங்கள் என்றாள்.

பெட்டிக் கொட்டகையிலிருந்து ஒரு துண்டு நீலத்தாள் வாங்கி வந்தேன். அதை ஈரக் கையில் கசக்கி, ஒரு சட்டித் தண்ணீரில் கையை அலசினேன். அதில் பாலாடையைக் கழுவினேன். பிறகு அதில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, ஒரு வெள்ளைத் துணியில் சொட்ட விட்டேன். துணியில் நீலம் இறங்கியது. அவள் அந்தத் துணியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் கத்தல் நின்றது. அவளுடைய தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

பிள்ளை தூங்கிய பிறகு அவள் எழுந்து வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "இத எங்க வீட்டுல வந்து சொல்லுவீகளா டீச்சர்? எங்க அத்தைகிட்ட?"

வருகிறேன் என்றேன்.

அன்று வேலை முடிந்ததும், வெயில் தாழ்வதற்குள், அவளோடு நடந்தேன். அவர்கள் இருந்தது ஒரு வளவு. ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறேழு வீடுகள்; நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கல் தொட்டி. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவள் முன்னால் நடந்தாள்.

மாமியார் வாசலில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கே எடுத்து வந்து ஒட்டிக் கொடுக்கிறவர்களும் உண்டு. விரல்கள் பத்தும் நீலமாக இருந்தன. அவருடைய மகனும் உள்ளே இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம்.

நான் முடிக்கவில்லை. மாமியார் பசைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். "எம் பேரனக் கொன்னுட்டு, எங்கிட்டயே வந்து சொல்லுதியா? அம்புட்டுத் தைரியமா ஒனக்கு?" என்றார். அதுவரை வாங்க போங்க என்று பேசியவர். வளவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம், சொல்லத்தான் வந்தேன் என்றேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள், ஆனால் இவள் பாலை இனிமேல் ஏசாதீர்கள் என்றேன். என் குரல் நடுங்காமல் இருந்தது எனக்கே ஆச்சரியம். உண்மையைச் சொல்லும்போது குரல் நடுங்காது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மகன் வெளியே வந்து, பேசாமல் இருங்கம்மா, அவுக சொல்லி முடிக்கட்டும் என்றார். நான் மாமியாரிடம் ஒரு சட்டியில் தண்ணீர் கேட்டேன். அவர் அசையவில்லை. மருமகள்தான் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். உங்கள் கையை இதில் ஒரு தடவை அலசுங்கள் என்றேன். அவர் என்னை முறைத்துக்கொண்டே விரல்களை முக்கினார். தண்ணீர் நீலமானது. மருமகள் ஒரு டம்ளரை அதில் அலசி, நல்ல தண்ணீர் மொண்டு, நான் கொண்டு போயிருந்த வெள்ளைத் துணியில் ஊற்றினாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவளே செய்தாள்.

மாமியார் துணியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள், மூலையில் இருந்த குடிதண்ணீர்ப் பானையைப் பார்த்தார். சாயங்காலங்களில் பேரனுக்குச் சீனித்தண்ணீர் கொடுத்தவர் அவர்தான். பானைக்குள் கையை விட்டு டம்ளரில் மொள்ளுவார். அதை நான் கேட்கவில்லை. அவரே மெல்லச் சொன்னார்: "நாங்கூட இப்பிடித்தானே மொண்டு குடுத்தேன்."

எனக்கு அப்போது ஒரு வழி இருந்தது. பழியில் பாதியை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கலாம். மனம் வரவில்லை. "ஒங்க கையா எங் கையான்னு எனக்குத் தெரியாதும்மா. அது இனிமே யாருக்கும் தெரியாது. இவ பாலு இல்ல, அது மட்டும் தெரியும்" என்றேன்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தத் தலைமுறை மாமியார்கள் கேட்க மாட்டார்கள். எழுந்து உள்ளே போனார். நிறைந்த பானையை இரண்டு கையாலும் தூக்கி வந்து, முற்றத்தில் கவிழ்த்தார். வண்டித் தண்ணீருக்கு நாங்கள் குடத்தை வைத்துக் காத்துக் கிடந்த காலம். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாம்பலைப் போட்டுப் பானையை உள்ளும் புறமும் தேய்க்க ஆரம்பித்தார். மருமகளும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம், எல்லாத் தாய்மார்களும் பால் கொடுக்க வந்த நேரத்தில், தொட்டில் ரூமில் வைத்துச் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீலத்தாளை வைத்துச் செய்து காட்டினேன். சிலர் அழுதார்கள். ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இனிமேல் இங்கே விடமாட்டேன் என்று போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இரண்டு வாரம் கழித்து அவளே கொண்டு வந்து விட்டாள்.

விஷயம் கணக்குப்பிள்ளை காதுக்குப் போய், முதலாளி காதுக்கும் போனது. கூப்பிட்டு அனுப்பினார்கள். இதையெல்லாம் ஏன் நாலு பேர் முன்னால் சொன்னாய் என்று கேட்டார்கள். என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னேன். முதலில் சோப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் பாலாடை, அடையாளத்துக்கு அதன் பிடியில் ஒரு கலர் நூல். அடுப்புக்குக் கழிவுக் குச்சி. தாய்மார்கள் காலையிலும் பிற்பகலிலும் ஒருமுறை வந்து பால் கொடுத்துவிட்டுப் போக அனுமதி. முதலாளி தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொன்னார். கூடுதல் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம் என்றேன். ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு மரக்குச்சி ஆப்பு வைத்துக் கொடுங்கள். தண்ணீர் கைமேல் விழ வேண்டும், கை தண்ணீருக்குள் போகக்கூடாது என்றேன். தாய்மார்கள் எழுந்து வந்தால் வேலை கெடும் என்றார் கணக்குப்பிள்ளை.

"பிள்ளைக்கு வயித்தால போனா தாய் ஒரு வாரம் வரமாட்டா. ஒங்க ஆர்டர யாரு முடிப்பா?" என்று கேட்டேன்.

முதலாளி சிரித்துவிட்டார். ஒரு வாரத்துக்குள் டின் வந்தது, சோப்பு வந்தது. பாலாடைகள் மட்டும் தாய்மார்களே கொண்டு வந்தார்கள். அந்த டின்னில் தண்ணீர் வாளியைவிடக் குறைவாகவே செலவானது என்பதைக் கணக்குப்பிள்ளை பிறகு தானே கண்டுபிடித்தது போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நகராட்சி நர்சம்மாவைத் தேடிப் போயும் சொன்னேன். நான்தான் முதலிலேயே சோப்பைச் சொன்னேனே என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த நீலத்தாளை மட்டும் ஒரு கட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் போன வளவுகளில் எல்லாம் கிருமியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தாளைக் கசக்கி வெள்ளைத் துணியில் காட்டுவார் என்று கேள்விப்பட்டேன். பெட்டி ஒட்டாத வீடு எங்கள் ஊரில் குறைவு. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

வயிற்றுப்போக்கு அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொன்னால் பொய். வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வரத்தான் செய்தது. ஆனால் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே, நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் அங்கே இருந்த மிச்ச வருஷங்களில் அந்த ரூமிலிருந்து பிள்ளை இறந்துபோனதென்று ஒரு தொட்டிலையும் அவிழ்த்து மடிக்க வேண்டி வரவில்லை.

மறு வருஷம், பையனைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய்ப்பால்தான் கொடுத்தாள், மாமியார் எதுவும் சொல்லவில்லையாம். மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தபோது பிள்ளையோடு தொட்டில் ரூம் வாசலில் வந்து நின்றாள். நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. டின்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் போய்ச் சோப்புப் போட்டு, விரல் இடுக்கு வரை தேய்த்துக் கழுவினேன். அவள் நின்று, நான் கழுவி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

எனக்கு வருத்தமாக இல்லை. அதைவிடப் பெரிய மரியாதையை யாரும் எனக்குச் செய்ததில்லை. பிறகு எனக்கும் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். என் கை சுத்தம் என்று நான் சொல்லி ஒருவரும் நம்ப வேண்டாம், நான் கழுவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டே பிள்ளையைக் கொடுங்கள் என்று இன்றைக்கும் நானேதான் சொல்கிறேன்.